வண்டு எடுத்த படமும் பெட்டிக்குள் இருக்கிற படமும்

அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் இப்ப புதுசா வீடு கட்டுற ஆக்கள் வயரிங் வேலையோடயே கமராவுக்கும் ஒரு வயரை இழுத்துவிடச் சொல்லினம். கடைக்காரரும் அப்பிடித்தான், கோயில் நிர்வாகமும் அப்பிடித்தான். நாலு கமரா, பதிவு செய்யிற ஒரு பெட்டி, ஒரு ரவுட்டர். பொருத்த வாற தம்பி போனில் ஒரு அப்பைப் போட்டு, பெட்டியில் உள்ள கியூஆர் கோட்டை ஸ்கான் பண்ணி, "இனி எங்க நிண்டும் பாக்கலாம் அண்ணை" எண்டு சொல்லிட்டுப் போயிடுவார். ரொறொன்ரோவில் இருக்கிற மகன், அம்மா முற்றம் கூட்டுறதைப் பார்க்கிறார். நல்ல விசயம்தான். ஆனால் அந்தப் படம் எந்த வழியால் ரொறொன்ரோவுக்குப் போகுது, இடையில் எங்கே தங்குது, வேற ஆர் அதைப் பார்க்கலாம்? பொருத்தினவரும் சொல்லுறதில்லை, நாங்களும் கேக்கிறதில்லை.

வேற ஊர்க்காரர் இதைக் கேக்காமல் விடலாம். வன்னி ஆக்கள் விடக்கூடாது. ஏனெண்டால் கமராவால் பார்க்கப்படுகிற அனுபவம் இங்கே கடைக்குப் பூட்டுப் போடுறதோடு தொடங்கியதல்ல. அது வானத்தில் இருந்து வந்தது.

இலங்கை விமானப்படை 1990களின் நடுப்பகுதியிலேயே இஸ்ரேலிய ஆளில்லா வேவு விமானங்களைப் பறக்கவிடத் தொடங்கிவிட்டது. வன்னிச் சனம் அதுக்கு வைத்த பெயர் 'வண்டு'. விடாமல் ரீங்காரமிட்டபடி ஒரே இடத்தைச் சுத்திக்கொண்டு நிற்கும். வண்டு சுத்தினால் பின்னால் ஷெல்லோ கிபிரோ வரும் எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். 2008 இன் கடைசி மாதங்களில் அக்கராயன்குளத்தை ஒட்டிய மண் அணையில் சண்டை நடந்தபோது ஊர்ச்சனம் ஏற்கெனவே கிழக்கே நகரத் தொடங்கியிருந்தது. வண்டும் மேலே கூடவே வந்தது.

இதை நாங்கள் போர்க்கதையாக மட்டும்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். தொழில்நுட்பக் கதையாகவும் ஒருக்கால் பாருங்கள். வண்டின் வயிற்றில் ஒரு கமரா. அது எடுக்கிற வீடியோ ரேடியோ அலை வழியாகத் தரைநிலையத்துக்கு வரும். அங்கே ஒருவர் திரையில் பார்ப்பார், படம் பதிவாகும், தேவையான இடத்துக்கு அனுப்பப்படும். கமரா, இணைப்பு, பதிவுப்பெட்டி, பார்க்கிற ஆள்: இந்த நாலும் சேர்ந்ததைத்தான் இண்டைக்கு வலையமைப்புக் காணொளிக் கண்காணிப்பு எண்டு சொல்லுறம். ஆக, வன்னி தன் முதல் சிசிரிவியைப் பார்த்தது, கம்பி வழி மின்சாரம்கூட இல்லாத காலத்தில்.

2009 ஏப்ரல் 20 அன்று புதுமாத்தளனில் பல்லாயிரம் பேர் இராணுவப் பக்கத்துக்கு ஓடிவந்த காட்சியை மேலே இருந்து எடுத்த படமாக அரசு வெளியிட்டது. உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் அதைப் போட்டன. எறும்பு மாதிரி ஊருகிற கறுப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்குள் எங்கள் வீட்டாக்கள் இருந்தார்கள். 2011 இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையும் இந்த வேவு விமானங்களைப் பற்றிப் பேசுகிறது. மாதக்கணக்காக மேலே நின்று எடுத்த வீடியோவில் வெளியே வந்தது சில நிமிடத் துண்டுகள்தான், அதுவும் அரசு காட்ட விரும்பியவை. 2017 பெப்ரவரி 20 தொடக்கம் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் பிள்ளைகளின் பாஸ்போட் சைஸ் படத்தோடு குந்தியிருந்தார்கள். அவர்கள் தேடுகிற காலத்தை மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்த கமரா ஒன்று இருந்தது. அதன் பதிவைக் கேட்டு வாங்குவதற்கு அவர்களுக்கு ஒரு வழியும் இல்லை.

அதனால்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றைப் படிக்கும்போது கமரா எவ்வளவு தெளிவு எண்ட கேள்வியை ஒதுக்கிவைத்து, படம் ஆரின்ர கையில் தங்கியது எண்டு பார்த்தால் கூடுதலாக விளங்குது.

ஆரம்பமே இராணுவம்தான். 1942 இல் ஜெர்மனியில் பீனமுண்டேயில் வி-2 ராக்கெட் ஏவுவதைத் தூரத்தில் இருந்து பார்க்க வால்டர் புரூக் எண்ட பொறியியலாளர் கமரா பொருத்தினார். வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் நியூயோர்க் குயின்ஸில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் எண்ட கறுப்பினத் தாதி. நேரம் கெட்ட நேரத்தில் வேலை, அயலில் களவு, பொலிஸைக் கூப்பிட்டால் ஆறுதலாகத்தான் வரும். அவரும் கணவர் அல்பர்ட்டும் கதவில் நகரும் கமராவும் படுக்கையறையில் திரையும் வைத்து 1966 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1969 இல் கிடைத்தது. காவல் கிடைக்காதவர்கள் தாங்களே செய்துகொண்ட காவல் அது. படம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

நெற்வேர்க் வழியாகப் படம் போன கதை ஒரு கோப்பிச் சட்டியில் தொடங்குது. 1991, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடம். கோப்பி மெசின் ட்ரோஜன் றூம் எண்ட அறைக்கு வெளியே இருந்தது. மற்ற மாடிகளில் இருந்த ஆய்வாளர்கள் படியிறங்கி வந்தால் சட்டி வெறுமை. குவென்ரின் ஸ்ராபர்ட் பிரேசர், போல் ஜார்டெட்ஸ்கி எண்ட ரெண்டு பேர் சட்டியைப் பார்த்தபடி ஒரு கமராவைப் பூட்டி, அதன் படத்தை உள்நெற்வேர்க்கில் எல்லாருக்கும் அனுப்பினார்கள். 128க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்கு மூண்டு படம். கோப்பிக்கு அது போதும். 1993 இல் அதை இணையத்திலும் விட்டார்கள், உலகமே ஒரு கோப்பிச் சட்டியை எட்டிப் பார்த்தது. 2001 ஓகஸ்ட்டில் கமராவை நிற்பாட்டி, அந்த மெசினை ஏலத்தில் விட்டபோது 3,350 பவுண்டுக்குப் போனது. அந்தக் கமராவை ஒருத்தரும் கண்காணிப்பாக நினைக்கவில்லை. பார்த்தவரும் பார்க்கப்பட்ட இடத்தில் கோப்பி குடித்தவரும் ஒரே ஆக்கள் எண்டதால் அது சரிவந்தது எண்டு நினைக்கிறேன்.

1996 இல் சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் நெற்வேர்க்கில் நேரடியாகப் பூட்டக்கூடிய கமராவை விற்பனைக்கு விட்டது. பெரிய அளவுப் படமெண்டால் 17 செக்கனுக்கு ஒண்டுதான் வரும், களவெடுக்க வந்தவன் தேத்தண்ணி குடிச்சிட்டே போகலாம். 1998 இல் ஆர்ரிஎஸ்பி எண்ட நெறிமுறை வந்தது, 2003 இல் எச்.264 எண்ட சுருக்கும் முறை வந்தது, 2008 இல் ஆக்சிஸ், பொஷ், சோனி மூண்டும் சேர்ந்து ஒன்விஃப் எண்ட பொதுத்தரத்தைத் தொடங்கின. இந்த மூண்டாலும் எங்களுக்குக் கிடைத்தது ஒரு சுதந்திரம்: ஒரு கொம்பனியின் கமராவை இன்னொருவர் செய்த சேர்வரோடு பூட்டலாம்.

அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தியவர்களில் எனக்குப் பிடித்தவர் பிலிப் கூம்ஸ். பிரித்தானிய மென்பொருள்காரர். அவருடைய கராஜில் இருந்த மின்கருவிகளை ஆரோ களவெடுத்திட்டினம். கமரா இருந்திருந்தால் ஆளைப் பிடித்திருக்கலாமே எண்ட ஆத்திரத்தில் அவர் எழுதியதுதான் சோன்மைண்டர். 2002 இல் திறந்த மூலமாக வெளியே விட்டார். பழைய கணினி ஒன்றில் லினக்ஸைப் போட்டு இதை நிறுவினால் அதுதான் உங்கள் கண்காணிப்புச் சேர்வர். வேலை செய்யிற விதம் சிம்பிள்: அடுத்தடுத்து வாற ரெண்டு படங்களில் எத்தனை புள்ளிகள் மாறியிருக்கு எண்டு கணக்குப் பார்க்கும். நீங்கள் படத்தின் மேல் கீறிவைத்த வலயத்துக்குள் மாற்றம் அளவை மீறினால் மட்டும் சேமிக்கும். பெயரில் உள்ள 'சோன்' அதுதான். மழை, ஆடுகிற வாழையிலை, கமராவின் கண்ணுக்கு முன்னால் வலை கட்டுகிற சிலந்தி எல்லாம் அதுக்குக் கள்ளன்தான். விடியப் பார்த்தால் முந்நூறு சிலந்திப் படம் இருக்கும். இந்தத் தலையிடிக்குத்தான் பிறகு ஃபிரிகேட் போன்றவை வந்தன. அவை வந்தது மனுசனோ நாயோ காரோ எண்டு பார்த்துப் பிரிக்கும்.

இவ்வளவு இருந்தும் எங்கட ஊர்ப் பெட்டிகள் ஏன் கொம்பனியின் அப்பில் தொங்குது? காரணம் ஆக்கிரமிப்பு ஒண்டும் இல்லை, முகவரிப் பஞ்சம். கிராமங்களில் கூடுதலாக 4ஜி ரவுட்டர்தான். அந்த இணைப்பில் உங்கள் வீட்டுக்கெண்டு தனிப் பொது முகவரி தரமாட்டார்கள், கன பேருக்கு ஒரே முகவரி. வெளியே இருந்து வீட்டுப் பெட்டியைத் தட்ட முடியாது. அதனால் பெட்டியே கொம்பனியின் சேர்வரைப் போய்த் தட்டி, "நான் இருக்கிறன்" எண்டு சொல்லிக்கொண்டே இருக்கும். ரொறொன்ரோ மகன் போனைத் திறந்ததும் அந்தச் சேர்வர்தான் ரெண்டு பேரையும் சேர்த்துவிடும், சில நேரம் படமே அதனூடாகத்தான் போகும். எந்த நாட்டில் இருக்கிற சேர்வர் எண்டு பெட்டியின் மேல் எழுதியிருக்காது.

இது சும்மா பயமில்லை. 2016 இல் மிராய் எண்ட நிரல் உலகம் முழுக்க மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை வைத்தே கமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சப் பெயர்-கடவுச்சொல் சோடிகள்தான். அந்த ஒக்ரோபர் 21 இல் அந்தப் பெட்டிகளின் படை ஒண்டு டைன் எண்ட நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டரும் நெற்பிளிக்ஸும் விழுந்தன. 2021 மார்ச்சில் வெர்காடா எண்ட அமெரிக்கக் கொம்பனியின் நிர்வாகிக் கணக்கு ஒன்று வெளியாரின் கையில் அகப்பட, ஏறத்தாழ 150,000 கமராக்கள் திறந்தன. ஆஸ்பத்திரி, சிறை, பள்ளிக்கூடம் எல்லாம் அதுக்குள். எல்லாத்தையும் ஒரே இடத்தில் வைத்தால் சாவியும் ஒண்டுதான்.

சரி, ஒரு சனசமூக நிலையத்துக்கு நாங்களே சேர்வர் போடுறதெண்டால்? கணக்கு இப்பிடி வரும். ஒரு கமரா செக்கனுக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளுக்கு 43 ஜிபி. நாலு கமராவுக்கு 173 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஆறு நாளைக்குள் நிரம்பும். எச்.265 கமராவெண்டால் அரைவாசி இடம் மிச்சம். அசைவை மட்டும் பதிவு செய்தால் ரெண்டு கிழமையும் தாங்கும். கமராவுக்கு நெற்வேர்க் கேபிளாலேயே மின்சாரம் குடுக்கிற சுவிட்ச் வாங்கினால், அந்தச் சுவிட்சுக்கும் கணினிக்கும் ஒரு யூபிஎஸ் போதும், கரண்ட் போனாலும் கமரா நிக்காது. கேபிள் 100 மீற்றருக்கு மேல் இழுக்கக்கூடாது. வெளியால போற கேபிளுக்கு இடிதாங்கி கட்டாயம், ஐப்பசி கார்த்திகை மின்னல் ஒரே அடியில் எல்லாத்தையும் எரிச்சிடும். கமராக்களை இன்ரநெற் இல்லாத தனி நெற்வேர்க்கில் விடுங்கோ. அப்ப அவை கொம்பனியோடு கதைக்க ஏலாது. ஆனால் மணிக்கூடும் பிந்தத் தொடங்கும், அதனால் சரியான நேரத்தைச் சேர்வரே குடுக்க வேணும். தூரத்தில் இருந்து பார்க்கத்தான் வேணுமெண்டால் வயர்காட் போன்ற மறைகுறியாக்கிய சுரங்கப்பாதை வழி, அதுக்கு வெளியே ஒரு சின்ன வாடகைச் சேர்வர் தேவைப்படும்.

கஸ்ரமான பகுதி கேபிள் இல்லை. கமரா எதைப் பார்க்குது எண்டதுதான். எங்கட ஊரில் கிணத்தடியில்தான் குளிப்பு. அடுத்த வீட்டுக் கிணத்தடி படத்தின் மூலையில் விழுந்தால் அது களவைவிடப் பெரிய பிரச்சினை, எத்தனை வேலிச் சண்டை இதாலேயே தொடங்கும். சோன்மைண்டரில் அந்த மூலையைத் தனிமை வலயமாகக் கீறலாம், பதிவிலேயே கறுப்பாகிவிடும். முதலில் கமராவைத் திருப்பிப் பாருங்கோ, அது இன்னும் நல்லம்.

கமரா வேண்டாம் எண்டு நான் சொல்லவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் ஆர் எந்த வாசலால் உள்ளே போனான் எண்டதை ஹோட்டல், தேவாலயக் கமராக்கள் காட்டின. இரவில் கள்ளமண் ஏத்திப்போற ரிப்பரைப் படம் பிடிக்கிற கமரா ஒரு கிராமத்துக்கு ஆயுதம் மாதிரி. ஆனால் அதே கமரா வீதியைப் பார்த்தபடி நவம்பர் 27 அன்றும் எரிந்துகொண்டிருக்கும். விளக்குக் கொளுத்தப் போற ஒவ்வொரு முகமும் அதில் விழும். நினைவேந்தலிலும் அம்மாமாரின் போராட்டத்திலும் சிவில் உடுப்பில் வந்து படம் எடுக்கிறதை வடக்கில் எல்லாரும் கண்டிருக்கிறம். அவர்களுக்கு அந்த வேலையை எங்கட பெட்டி செய்துகுடுக்கலாம். 2022 இல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறினாலும், அதன் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டது. ஆகவே முடிவுகளை நிர்வாகசபைக் கூட்டத்தில் எடுத்து, கூட்டக் குறிப்பில் எழுதிவைக்க வேணும்: ஆரிட்ட கடவுச்சொல், எத்தனை நாளில் அழியும், கேட்டு வருபவரிட்ட எந்தக் கடிதத்தைக் கேக்கிறது, எந்தெந்த நாளில் வீதிக்கமராவை நிற்பாட்டுறது. ஏழு நாளில் அழியிற பதிவை எட்டாம் நாள் ஒருத்தரும் கேட்டு வாங்க ஏலாது.

இன்னொரு சின்ன விசயம். பழுதாய்ப்போன டிவிஆரைத் திருத்தக் குடுக்க முன், இல்லாட்டி பழைய விலைக்குத் தள்ளிவிட முன், மூடியைக் கழட்டி ஹார்ட் டிஸ்கை எடுங்கோ. நாலு ஆணிதான்.