வீட்டின் மீது விழுந்த பழி

நல்ல காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு நோயைத் தடுக்கும் என்று மாணவர்களுக்குப் போதிக்கிறோம். நூறாண்டுகளுக்கு முன் நம் நெகிரி செம்பிலானில், வீடு தான் செய்யாத குற்றத்துக்கும் பழி சுமந்தது.

கால் வீங்கி, இதயம் தளர்ந்து பலர் மாண்ட பெரிபெரி நோய்க்கு, குடியிருப்பின் ஈரமும் அங்கு ஒட்டிய கிருமியுமே காரணம் என மருத்துவர் பலர் நம்பினர். மாநில மருத்துவர் பிராடன் அதை ஐயுற்றார். சுரங்கங்களில் சீனர் மடிந்தனர். நெருக்கமான லயங்களில் வாழ்ந்த தமிழரோ பெரும்பாலும் தப்பினர். வேறுபாடு சோற்றில் இருந்தது. அவர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி, நம்மவர் உண்டது புழுங்கல். 1907இல் இதை நூலாக வெளியிட்டார்.

அதே ஆண்டில் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் மருத்துவர் இருவர் ஜெலுபு வட்டாரத்தில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரைப் புதிய, தூய்மையான குடில்களில் இரு பிரிவாகக் குடியமர்த்தினர். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கல். சுமார் மூன்றே மாதத்தில் பச்சரிசிப் பிரிவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றினர்; நோயும் இடம் மாறியது. நோய் வரக்கூடும் என்று அறிந்தே ஊட்டியதை எண்ண மனம் ஒப்பவில்லை.

எனினும் லயங்கள் முற்றும் குற்றமற்றவை அல்ல. காற்றோட்டமற்ற, நெருக்கமான அறைகள் காசநோயைப் பரப்பவே செய்தன. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1966இல்தான் வந்தது.