பறவைக் காய்ச்சல்: கிருமியை முந்துமா தடுப்பூசி?

1957 பிப்ரவரியில் சிங்கப்பூரில் புதுவிதச் சளிக்காய்ச்சல் ஒன்று தென்பட்டது. ஏப்ரலில் அது ஹாங்காங்கை ஆட்டிப் படைத்தது. மருந்தகங்களில் கூட்டம் அலைமோதிய செய்தியை வாஷிங்டனில் நாளிதழில் படித்தார் மாரிஸ் ஹில்லமன் என்ற விஞ்ஞானி. கிருமியின் மாதிரியை வரவழைத்துச் சோதித்தார். அதை எதிர்க்கும் சக்தி 1889-90 கொள்ளைநோயைக் கண்டிருந்த சில முதியவர்களிடம் மட்டுமே இருந்தது.

தடுப்பூசிக்கான கிருமியைக் கருவுற்ற கோழி முட்டைக்குள்தான் வளர்ப்பார்கள். முட்டைக்குப் பஞ்சம் வரக்கூடாதே! சேவல்களை அறுத்துவிட வேண்டாம் என்று பண்ணைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார் ஹில்லமன். அவ்வாண்டு அமெரிக்காவில் சுமார் 4 கோடி ஊசிகளுக்கான மருந்து தயாரானது. எண்ணற்ற உயிர்கள் தப்பின. ஆனால், நோய் முதலில் தாக்கிய சிங்கப்பூரில் மருந்து தயாராகும் முன்பே அலை அடித்து ஓய்ந்துவிட்டது. உலகெங்கும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அக்கிருமியின் 8 மரபணுத் துண்டுகளில் 3 பறவைகளிடமிருந்து வந்தவை என்பது பின்னாளில் தெரிந்தது.

முட்டையே கைகொடுக்காதபோது...

1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி 18 பேரைத் தொற்றியது. அவர்களில் 6 பேர் இறந்தனர். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் கொல்லப்பட்டன. தடுப்பூசி செய்ய முனைந்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. எந்த முட்டையை நம்பி மருந்து தயாரித்து வந்தார்களோ, அந்த முட்டையின் கருவையே இக்கிருமி கொன்றது! கிருமியின் மரபணுவில் கொடிய பகுதியை நீக்கிய பிறகே அதை முட்டையில் வளர்க்க முடிந்தது.

2004 ஆகஸ்ட்டில் கிளந்தானிலும் கோழிகளிடையே இந்நோய் காணப்பட்டது. மனிதர் எவருக்கும் தொற்றவில்லை. எனினும் மலேசியக் கோழி, முட்டை இறக்குமதியைச் சிங்கப்பூர் உடனே நிறுத்தி வைத்தது.

2007இல் அமெரிக்கா முதல் எச்5என்1 தடுப்பூசிக்கு அனுமதி அளித்தது. வழக்கமான சளிக்காய்ச்சல் ஊசியில் ஒரு வகைக்கு 15 மைக்ரோகிராம் போதும். இதிலோ 90 மைக்ரோகிராம். அதையும் இருமுறை போட வேண்டும். அப்படியும் பாதிக்கும் குறைவானவர்களிடமே எதிர்பார்த்த எதிர்ப்புச் சக்தி உருவானது. அது 2004இல் வியட்னாமில் கிடைத்த கிருமியைக் கொண்டு செய்யப்பட்டது. அதற்குள் இந்தோனேசியாவில் கிருமியின் வேறொரு கிளை பரவிக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு இந்தோனேசிய சுகாதார அமைச்சர் சித்தி ஃபாடிலா சுபாரி, கிருமி மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப மறுத்தார். எங்கள் நோயாளியின் கிருமியில் செய்த மருந்தை எங்களாலேயே வாங்க முடியாவிட்டால் அது என்ன நியாயம் என்பதே அவர் வாதம். உலகின் பாதுகாப்போடு விளையாடுகிறார் என்று பலர் சாடினர். ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. 2011இல் உலக சுகாதார நிறுவனம், கிருமி மாதிரியையும் அதனால் கிடைக்கும் பலனையும் பகிர்வதற்கான விதிமுறையை ஏற்றது.

தலையை விட்டுத் தண்டுக்கு

கிருமியின் மேற்பரப்பில் காளான் போன்ற புரதங்கள் முளைத்திருக்கும். காளானின் தலை அடிக்கடி உருமாறும். தண்டு அவ்வளவாக மாறாது. நமது உடலோ தலையைத்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது. தலை மாறினால் பழைய ஊசி பயனிழக்கிறது.

தண்டைப் பிடித்து ஒன்றுக்கு மேற்பட்ட வகைக் கிருமிகளை முடக்கும் எதிர்ப்பொருள் ஒன்றை 1993இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியிடம் கண்டறிந்தனர். அப்போது அது பெரிதாகப் பேசப்படவில்லை. 2008க்குப் பிறகு மனிதர்களிடமும் அத்தகைய எதிர்ப்பொருள்கள் கிடைக்கவே, நம்பிக்கை துளிர்த்தது. தண்டை அப்படியே வைத்து, தலையை மட்டும் ஒவ்வோர் ஊசியிலும் மாற்றிக் கொடுத்தனர் நியூயார்க் ஆய்வாளர்கள். 2020இல் வெளியான முதற்கட்டச் சோதனையில், தண்டுக்கு எதிரான சக்தி ஒன்றரை ஆண்டுக்கு மேலும் நீடித்தது. ஆனாலும், எல்லா வகையையும் தடுக்கும் ஊசி இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டிப் பொதுமக்களை எட்டவில்லை.

கிருமியோ காத்திருக்கவில்லை. 2024இல் அமெரிக்கப் பால்மாடுகளிடையே எச்5என்1 பரவியது. அதே ஆண்டு பின்லாந்து, ஆபத்தான பணியில் இருப்போருக்குப் பறவைக் காய்ச்சல் ஊசி போடத் தொடங்கியது.

எல்லா வகையையும் தடுக்கும் ஊசி ஒருநாள் கைக்கு வரலாம். அன்று அது முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும்? 1957இல் சிங்கப்பூருக்கு மருந்து பிந்தியது அறிவியலின் குறை. இனியும் பிந்தினால், அது மனிதரின் குறையாகவே இருக்கும்.