பேரிடரும் நினைவுக்கூடமும்: முல்லைத்தீவை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

பேரிடர் நேர்ந்தவிடத்து மக்கள் முதற்கண் நாடுவன உணவும் உடையும் உறையுளுமாம். அவை கிடைத்தபின் அவர் நாடுவது யாது என்னும் வினாவை வரலாற்று நூல்கள் அரிதாகவே எழுப்புகின்றன. மாண்டோர் பெயரும், இழந்த வீட்டின் உருவும், இடர் வந்த நாளின் நினைவும் பேணப்படுதற்கு ஓரிடம் வேண்டும். அவ்விடத்தை நூதனசாலை என்றும், ஓவியக்கூடம் என்றும் பலவாறாக வழங்குவர். பிரிந்து நிற்கும் சமூகங்கள் தம் துயரையும் பிறர் துயரையும் ஒருங்கே காண்பதற்கு அத்தகைய கூடம் எவ்வாறு துணையாகின்றது என்பதும், அது வாய்க்காதவிடத்து எஞ்சுவது யாது என்பதும் முல்லைத்தீவின் வரலாற்றை நோக்குவார்க்கு இனிது விளங்கும்.

கூடம் என்ற சொல் புதிதேயாயினும் அதன் பணி அம்மண்ணுக்குப் புதிதன்று. நந்திக்கடலின் கரையில் உள்ள வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயில் அதற்குச் சான்றாகும். வைகாசிப் பொங்கலின்போது கடல்நீர் கொணர்ந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்நீரால் விளக்கெரிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. கோவலன் கதையைக் கூத்தாக ஆடும் மரபும் அவ்வூரில் வழிவழி வந்ததாகும். கண்ணகி வழிபாட்டின் தோற்றமே இடர் நீக்கத்தோடு பிணைந்தது. பாண்டிநாட்டில் மழை பொய்த்து நோயும் வறுமையும் மிக, கண்ணகிக்கு விழாவெடுத்தபின் அவை நீங்கின என்றும், அதுகேட்டு இலங்கைக் கயவாகு மன்னனும் தன் நாட்டில் அவளுக்குக் கோட்டம் அமைத்தான் என்றும் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுகின்றது. அவளையே சிங்கள மக்கள் பத்தினித் தெய்வம் எனப் போற்றி, கொள்ளைநோயும் வறட்சியும் வாராதிருக்க வேண்டிச் சடங்கு நிகழ்த்துகின்றனர். மொழியால் வேறுபட்ட இரு மக்கள் ஒரே அச்சத்தை ஒரே தெய்வத்தின் முன்னர் வைத்த வரலாறு இது.

இத்தகைய பொது வரலாறு உடைய தீவினை 2004 டிசம்பர் 26ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை தாக்கியது. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். முல்லைத்தீவுக் கரையில் மட்டும் 2,000க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அலை இனமும் சமயமும் பார்த்திலது. ஆயின் அதன்பின் வந்த உதவியைப் பங்கிடும் முறை அவற்றைப் பார்க்கவே நேர்ந்தது. அரசும் விடுதலைப் புலிகளும் இணைந்து நிவாரணம் வழங்குதற்குரிய பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கை 2005 யூன் 24இல் கைச்சாத்தாயிற்று. மறுமாதமே உயர்நீதிமன்றம் அதன் முக்கிய உறுப்புகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. உடன்படிக்கை நடைமுறைக்கு வாராமலே மறைந்தது. 2006இல் போர் மீண்டும் மூண்டது.

நினைவும் அவ்வாறே பிரிந்து நின்றது. தெற்குக் கரையில், பெரலியவில் புகைவண்டி அலையில் அகப்பட்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட இடத்திற்கு அண்மையில், தெல்வத்தையில் ஊர்மக்களின் ஆழிப்பேரலை நூதனசாலை ஒன்று எளிய வீடொன்றில் அமைந்தது. நிழற்படங்களும் அலை விட்டுச்சென்ற பொருள்களும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. முல்லைத்தீவிலோ நினைவுத்தூணும் ஆண்டுதோறும் ஏற்றப்படும் விளக்கும் உண்டு. ஒரே காலையில் ஒரே கடலால் தாக்குண்ட இவ்விரு கரைகளின் கதையை ஒருங்கே கூறும் கூடம் எழவில்லை.

இதனோடு ஒப்புநோக்கத் தக்கது இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலம். அங்கும் நெடுங்காலப் போர் நிகழ்ந்தது. அங்கும் அதே அலை புகுந்தது. இந்தோனேசியாவில் 150,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயின் 2005 ஓகஸ்ட் 15இல் அரசும் சுதந்திர ஆச்சே இயக்கமும் பின்லாந்தின் தலைநகராகிய எல்சிங்கியில் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டன. 2009இல் பண்டா ஆச்சே நகரில் ஆழிப்பேரலை நூதனசாலை திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ரித்வான் காமில் வகுத்த அக்கட்டடத்துள் புகுவோர், இருபுறமும் நீர் வழியும் சுவர்களுக்கிடையே இருண்ட ஒடுங்கிய வழியில் நடந்து, மாண்டோர் பெயர்கள் பொறித்த வட்ட அறையை அடைகின்றனர். புறச்சுவர் ஆச்சே மக்களின் சமான் நடனத்தை நினைவூட்டுமாறு அமைந்தது. இன்னோர் அலை வருமாயின் மக்கள் ஏறி உயிர்காக்கும் புகலிடமாகவும் அக்கட்டடம் வகுக்கப்பட்டது. நினைவைக் காப்பதும் உயிரைக் காப்பதும் ஒரே கூரையின் கீழ் நிகழ முடியும் என்பதற்கு அதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை.

இலங்கையின் வடபுலத்தில் அத்தகைய கட்டடம் எழாதபோதும், அதன் பணியைச் சில கலைஞர் மேற்கொண்டனர். 1981இல் எரியுண்டு பின்னர்ப் புதுக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில், 2004ஆம் ஆண்டு ‘அகம் புறம்’ என்னும் கண்காட்சி நிகழ்ந்தது. தென்னிலங்கைக் கலைஞரும் வடபுலக் கலைஞரும் அதில் பங்குகொண்டனர். யாழ்ப்பாணத்து ஓவியர் தாமோதரம்பிள்ளை சனாதனன், குடாநாட்டின் பல இல்லங்களிலிருந்து போரை நினைவூட்டும் சிறு பொருள்களைத் திரட்டி அங்கே வைத்தார். நூலெரிந்த மண்டபத்தில் மக்களின் உடைமைகளே நூல்களாயின.

அவரே 2011இல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு நூலொன்றை வெளியிட்டார். தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குடிகளையும் காணிகளையும் பதிந்துவைத்த ஏடு. வரி பெறுதற்காக அயலார் எழுதிய அவ்வேட்டின் பெயரை, வீடிழந்தோரின் ஏட்டுக்கு அவர் சூட்டினார். இடம்பெயர்ந்த 80 பேர் தாம் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்தனர். அதனருகே கட்டடக் கலைஞரின் செப்பமான வரைபடமும் ஓவியரின் சித்திரமும் இடம்பெற்றன. வரைந்தோருள் தமிழரும் இருந்தனர்; முஸ்லிம்களும் இருந்தனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் முல்லைத்தீவு மாவட்டத்தாரும் அடங்குவர் என்பதை நினைவிற்கொள்ளின், இவ்வேட்டின் பொருள் ஆழமாகும். கிணறும் வேலியும் முற்றத்து மரமும் எவ்வினத்தார் வரைபடத்திலும் ஒன்றுபோலவே தோன்றும். அயலவனின் இழப்பைத் தன் இழப்பின் சாயலில் காண்பதற்கு அதுவே வழியாகின்றது.

2009 மே மாதத்தில் போர் முள்ளிவாய்க்காலில் முடிவுற்றபோது ஆயிரக்கணக்கான குடிமக்கள் அக்கரையில் மாண்டனர். எஞ்சியோர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் வவுனியா முகாம்களை அடைந்தனர். இறுதி நாள்களில் அவர்தம் உயிரைத் தாங்கியது அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி. அக்கஞ்சி இப்போது ஆண்டுதோறும் மே மாதத்தில் வடகிழக்கின் ஊர்களிலே வார்க்கப்படுகின்றது. பசி தீர்த்த நிவாரணமே நினைவுச் சின்னமாக மாறிய வரலாறு இது. கூடமின்றி, கல்லின்றி, ஒரு பானையளவில் மக்கள் தம் வரலாற்றைக் காத்தனர். அதற்கும் தடை வந்ததுண்டு. 2024இல் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி வழங்கியோர் கைதாயினர்.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது ஒன்று. நிவாரணம் வழங்குவோர் எத்தனை பேர், எத்தனை குடும்பம், எத்தனை கூரைத்தகடு என்று கணக்கெழுதுவர். அக்கணக்கு இன்றியமையாதது. ஆயினும் தோம்பு எழுதிய ஒல்லாந்தருக்கும் அத்தகைய கணக்கே போதுமானதாயிருந்தது. அக்கணக்கிற் சேராத பெயரையும் வீட்டையும் வேறோர் ஏடு தாங்குதல் வேண்டும். அவ்வேட்டை எல்லாச் சமூகத்தாரும் திறந்து பார்க்கவும் வேண்டும். முல்லைத்தீவில் என்றேனும் ஒரு நினைவுக்கூடம் எழுமாயின், கோவலன் கூத்தின் முடியும், அலையில் மிதந்த பொருளும், நீங்கிச் சென்ற முஸ்லிம் வீட்டின் நிலப்படமும், கஞ்சி வார்த்த பானையும் அதில் அருகருகே இருத்தல் தகும். ஆச்சேயிற்போல உயர்ந்த தளத்தோடு அது அமையின் அலை வரும் நாளில் உயிரும் காக்கும். ஒரு பகுதியாரின் துயர் மட்டுமே இடம்பெறும் கூடம் எத்துணை அழகுடையதாயினும் பிளவை மிகுவிக்கும் என்பதை அதனைச் சமைப்போர் மறவாதிருத்தல் வேண்டும். கடல்நீரால் விளக்கேற்றத் துணிந்த மக்களுக்கு இதுவும் அரிதன்று.