ஒரு உசுருக்குப் பதினாறு பசு

கொலைக் கேஸுன்னு சொன்னா போலீசு, வக்கீல், வாய்தா, ஜெயிலு, இதெல்லாம்தான் நம்ம மனசுல வருது. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி ஒரு கிராமத்துல ஒருத்தன் கையால இன்னொருத்தன் செத்துப்போனா என்ன செஞ்சாங்க? ராஜா முன்னாடி இழுத்துட்டுப் போய்த் தலையை வெட்டியிருப்பாங்கன்னு சினிமா பார்த்து நினைச்சுக்கிறோம். கல்வெட்டு வேற மாதிரி சொல்லுதுங்க.

எங்க திருவண்ணாமலை மாவட்டத்துல, தேசூர் பக்கம் சீயமங்கலம்னு ஒரு ஊர் இருக்கு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைஞ்சு எடுத்த சிவன் கோயில் அங்க இருக்கு. சாமிக்குப் பழைய பேரு தூணாண்டார். அந்த ஊர்ல உள்ள சோழர் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு ஒரு சாவைப் பத்திப் பேசுது. ஒருத்தன் வேட்டைக்குப் போனான். விட்ட அம்பு குறி தப்பி இன்னொருத்தன் மேல பாஞ்சு அவன் செத்துட்டான். அந்தப் பகுதியை ஆண்டவரும் நாட்டு மக்களும் கூடிப் பேசினாங்க. கவனக்குறைவால நடந்ததுக்காக இவன் சாக வேண்டாம், தூணாண்டார் கோயில்ல விளக்கு எரிக்கட்டும்னு முடிவு செஞ்சாங்க. அதன்படி அவன் 16 பசு கொடுத்தான். அந்தப் பாலில் எடுக்கிற நெய்யில் விளக்கு எரியணும்.

இதுல நான் கவனிச்சது, அவங்க கேட்ட முதல் கேள்வியை. வேணும்னு செஞ்சானா, தவறிப்போய் நடந்துச்சா? இன்னிக்கு நம்ம கோர்ட்டும் இதையேதான் கேக்குது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்கு 103-ஆம் பிரிவு, கொலை ஆகாத மரணம் விளைவித்தலுக்கு 105, கவனக்குறைவால் ஏற்பட்ட மரணத்துக்கு 106. முதல் ரெண்டும் செசன்ஸ் கோர்ட்டுக்குப் போகும். கவனக்குறைவு வழக்கை மாஜிஸ்திரேட்டே விசாரிக்கலாம், 5 வருசம் வரை தண்டனை.

இதே மாதிரி விளக்கு வைக்கச் சொன்ன கல்வெட்டு வேற சில ஊர்லயும் கிடைச்சிருக்கு. அதுல ஒண்ணு என் மனசை விட்டுப் போகவே இல்ல. வரி கேட்டு வந்த ஊர் அதிகாரி ஒருத்தன், நான் கட்ட வேண்டியதில்லைன்னு சொன்ன பொம்பளையை வதைக்கிறான். அவங்க விஷம் குடிச்சுச் செத்துடுறாங்க. பல நாட்டு ஜனங்க கூடி, அந்தச் சாவுக்கு அதிகாரிதான் பொறுப்புன்னு தீர்ப்பு சொல்றாங்க. அவனும் விளக்குக்குக் காசு கொடுக்கிறான். விஷத்தை அவன் கையால ஊட்டல, ஆனாலும் பொறுப்பு அவன் மேலதான்னு வந்துச்சு.

விளக்குத்தானே, லேசா விட்டுட்டாங்களேன்னு பட்டணத்துல இருக்கிறவங்க நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு நந்தா விளக்குக்குச் சோழர் காலத்துல வழக்கமா 96 ஆடு. ஆட்டை வாங்கிக்கிற இடையர் தினம் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். உழக்குன்னா கால் நாழி. 'சாவா மூவாப் பேராடு'ன்னு அதுக்குப் பேர். ஆடு சாகும், கிழடாகும், ஆனா குட்டிகளை வச்சு எண்ணிக்கையைக் குறையாம நிறுத்தணும்னு அர்த்தம். ஆடு வளர்த்தவங்களுக்குத் தெரியும், மந்தையில எல்லா ஆடும் ஒரே சமயத்துல பால் கறக்காது. அதனாலதான் அத்தனை ஆடு. இன்னிக்கு ஒரு ஆடு எட்டாயிரம்னு வச்சாலும் ஏழரை லட்சத்துக்கு மேல போகுது. ஒரு சாதாரணக் குடும்பம் அதைக் கொடுத்துட்டு எந்திரிக்க ரொம்ப நாள் ஆகும்.

அதுக்காக, அந்தக் காலத்துல கொலைக்கு விளக்கு மட்டும்தான் தண்டனைன்னு யாரும் சொல்லிடாதீங்க. கோயில் சுவர்ல எதை வெட்டுவாங்க? கோயிலுக்கு வர வேண்டிய வரும்படி, நிலம், சொத்து சம்பந்தப்பட்டதைத்தான் பெரும்பாலும் வெட்டுவாங்க. விளக்கில் முடிஞ்ச வழக்கு கல்லுக்கு வந்துச்சு. வேற விதமா முடிஞ்சது வர வேண்டிய அவசியமே இல்ல. பொன்னியின் செல்வன் படிச்சவங்களுக்கு ஆதித்த கரிகாலன் கொலை தெரியும். அந்தக் கொலைகாரங்க பேரு காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டுல வந்ததும், அவங்க நிலத்தைப் பறிமுதல் செஞ்சதாலதான்.

ஒண்ணு உறுத்துது. நான் சொன்ன தீர்ப்புகள்ல கொன்னவனோட உயிருக்கு வழி சொல்லியிருக்கு, சாமிக்கு விளக்கு வந்திருக்கு. செத்தவன் பொண்டாட்டி பிள்ளைக்கு என்ன கிடைச்சுதுன்னு அந்தத் தீர்ப்புல ஒரு பேச்சு இல்ல.

இது பழங்கதைன்னு தள்ள முடியாதுங்க. அன்னிக்கு அம்பு, இன்னிக்கு கரண்டுக் கம்பி. மல்லாட்டைக் கொல்லையில (அதாங்க, நிலக்கடலை) காட்டுப்பன்றி புகுந்து ஒரே ராத்திரியில நாசம் பண்ணிடுது. அதுக்காகத் திருட்டுத்தனமா மின்கம்பி கட்டுறாங்க. பன்றிக்கு வச்சதுல மனுசன் சாகுறான், ராத்திரி தண்ணி பாய்ச்சப் போன பக்கத்துக் கொல்லைக்காரன். உடனே நாலு பேர் கூடி, இவ்வளவு பணம் வாங்கிக்கோ, வெளிய சொல்லாதேன்னு பேசி முடிக்கப் பார்க்கிறது கிராமத்துல நடக்கத்தான் செய்யுது. அந்தக் காலத்துப் பஞ்சாயத்து மாதிரிதானேன்னு அதுக்கு நியாயம் வேற சொல்லுவாங்க.

அது மாதிரி இல்ல. நாட்டார் பகல்ல, ஊரறியக் கூடினாங்க, தீர்ப்பைக் கல்லுல வெட்டி வச்சாங்க. இது இருட்டுல பேசி மறைக்கிறது. ஒரு சாவை இப்படி ஊர்ல பேசி முடிக்கச் சட்டத்துல இடமில்ல. மறைக்கிறவங்களும் மாட்டுவாங்க.

செத்தவங்க குடும்பத்துக்கு இன்னிக்கு ஒரு வழி இருக்கு. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம்னு பேரு. முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 357ஏ, இப்போ பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 396-ஆம் பிரிவு. கோர்ட்டு பரிந்துரை செஞ்சா, எவ்வளவுன்னு சட்டப் பணிகள் ஆணைக்குழு முடிவு பண்ணும். குற்றவாளி யாருன்னே தெரியாம வழக்கு நடக்காமப் போனாலும் குடும்பத்தார் மனு போடலாம். மாவட்டக் கோர்ட்டு வளாகத்துல விசாரிச்சா ஆணைக்குழு ஆபீசைக் காட்டுவாங்க. எங்க பக்கம் பாதிப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. உங்க சொந்த ஊர்ல யாருக்காவது தேவைப்பட்டா சொல்லுங்க.