முற்றுப்பெறாத செங்கல் மாளிகை

இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள எஸ்ஸெக்ஸ், கட்டடக் கல் அரிதான களிமண் பூமி. ஆதலின் அப்பகுதிப் பிரபுக்கள் செங்கல்லை நாடினர். அரபியில் 'ஆஜுர்' என வழங்கும் சுட்ட செங்கல், எளியோர்க்கு மட்டுமே உரிய பொருளன்று என்பதற்கு அங்குள்ள லேயர் மார்னி கோபுரம் தக்க சான்று.

எட்டாம் ஹென்றி மன்னரின் மெய்க்காவற்படைத் தலைவராய் விளங்கிய ஹென்றி மார்னி பிரபு, 1520ஐ ஒட்டி இம்மாளிகையைத் தொடங்கினார். கார்டினல் உல்ஸி ஹாம்ப்டன் கோர்ட்டை எழுப்பிவந்த காலம் அது. வாயிலின் உயரமே வீட்டுடையாரின் தகுதியை உரைத்தது. மார்னியின் வாயில் ஏறத்தாழ 80 அடி; அதன் இருபுறக் கோபுரங்களில் எட்டு அடுக்குச் சாளரங்கள்! கோட்டைத் தோற்றந்தான், ஆனால் இத்தனை சாளரங்கள் திறந்த சுவர் எந்தப் பகைவனைத் தடுக்கும்?

உச்சியை அண்ணாந்து பார்ப்போமாயின், கொத்தளப் பற்கள் இருக்கவேண்டிய இடத்தில் கிளிஞ்சல் வடிவங்களையும் டால்பின் மீன்களையும் காண்போம். இவை உளியால் செதுக்கியவை அல்ல. களிமண்ணை அச்சிலிட்டுச் சூளையில் சுட்டவை. இத்தாலியப் பாணியிலமைந்த சாளரச் சட்டங்களும் அவ்வாறே. அவற்றின் வெளிர்நிறம் கண்டு கல்லென்றே மயங்குகிறோம். மண்ணைக் கல்லாக்கிய அக்கைவினைஞரை வியவாதிருக்க நம்மால் இயலவில்லை.

1523இல் தந்தை மறைந்தார். 1525இல் மகன் ஜானும் ஆண்வாரிசின்றி இறந்தார். பணி நின்றது. பெருமுற்றத்தைச் சூழ வேண்டிய மாளிகை முழுமை பெறவேயில்லை. அருகிலுள்ள தேவாலயத்தில் இருவர் கல்லறைகளையும் அதே சுடுமண் வேலைப்பாடு அணிசெய்கிறது.

1884 ஏப்ரல் 22இல் கோல்செஸ்டர் வட்டாரத்தை உலுக்கிய நிலநடுக்கம் இம்மாளிகையைப் பெரிதும் சிதைத்தது. பின்னர் அதனைச் செப்பனிட்டனர்.