நுண்செயலியும் வடசிலாங்கூர்த் தோட்டப்புறமும்

புதுமையை எடைபோட்டுப் பார்ப்பது கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டப்புறங்களுக்குப் புதிதன்று. 1917ஆம் ஆண்டில், பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதியிலுள்ள தெனமாரம் தோட்டத்தில், பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே செம்பனையை வாணிக நோக்கில் பயிரிட்டார். மலாயாவில் அவ்வாறு தோன்றிய முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. தென்னைமரத்தைப் பெயரில் தாங்கிய தோட்டத்தில் செம்பனை வேரூன்றியது ஒரு வேடிக்கைதான். ரப்பரா, செம்பனையா என்ற கணக்கை அன்று போட்டவர்கள் முதலாளிமார்கள். பால்மரத்துக்கு நாள்தோறும் சீவும் கை வேண்டும். செம்பனைக் குலையைச் சில நாள்களுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். 1960களிலும் 1970களிலும் ரப்பர் பரவலாகச் செம்பனைக்கு வழிவிட்டபோது, அந்தக் கணக்கின் மறுபக்கத்தை லயத்து மக்கள் கண்டனர். தோட்டத்தில் கைகளின் தேவை குறைந்தது. பிள்ளைகள் வெளியே வேலை தேடினர்.

இன்று எடைத்தட்டில் இருப்பது மரமன்று. விரல்நகம் அளவுள்ள சிலிக்கன் சில்லு. மேசைக்கணினிக்கு மூளையாய் அமைந்து, ஒவ்வொரு கட்டளையையும் படித்து நிறைவேற்றும் நுண்செயலி அது. 14.10.2025 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றதிலிருந்து, புதிய நுண்செயலி கொண்ட கணினியை வாங்குவதா, பழையதையே வைத்துக்கொள்வதா என்ற வினா வீடுகளிலும் பள்ளிகளிலும் எழுந்துள்ளது. இதற்கு விடை காண, நுண்செயலி மாறியபோதெல்லாம் தோட்டத்துத் தமிழர்க்குக் கிடைத்தது என்ன, போனது என்ன என்று வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பதே முறை.

இண்டெல் நிறுவனம் தனது முதல் நுண்செயலியான 4004ஐ 1971 நவம்பரில் வெளியிட்டது. அதிலிருந்த டிரான்சிஸ்டர்கள் ஏறத்தாழ 2,300. அடுத்த ஆண்டே, 1972இல், அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையைப் பினாங்கின் பாயான் லெப்பாசில் அது அமைத்தது. அதே காலத்தில் சிலாங்கூரிலும் சுங்கைவே போன்ற தடையற்ற வாணிப வட்டாரங்களில் அமெரிக்க, ஜப்பானிய மின்னியல் ஆலைகள் எழுந்தன. கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் இளம்பெண்களைத் தொழிற்சாலைப் பேருந்துகள் ஏற்றிச் சென்றன. நுண்ணோக்கியில் கண் பதித்து, மயிரிழையினும் மெல்லிய கம்பியைச் சில்லோடு இணைக்கும் வேலை அவர்களுடையது. தாய் உளியும் வாளியும் ஏந்திய இடத்தில் மகள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தாள். இண்டெலின் சில்லுகள் பலவற்றின் முதுகில் 'மலாய்' என்ற சுருக்கப் பெயர் ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டு உலகெங்கும் சென்றது. எனினும், சில்லைப் பொதிந்து அனுப்பிய கைகளின் வீட்டுக்கு அந்தச் சில்லு கணினியாகத் திரும்பி வர நெடுங்காலம் ஆயிற்று. பயனைப் பற்றிப் பேசுமுன் இதனைக் குறித்துக்கொள்வது நேர்மை.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தனது மேசைக்கணினியை வெளியிட்டது. அதன் நுண்செயலி இண்டெல் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதற்கு முந்திய 8086ஐப் போன்றே உள்ளே 16 பிட்டுகளாகக் கணக்கிட்ட அச்சில்லு, வெளியுலகோடு மட்டும் எட்டெட்டுப் பிட்டுகளாகப் பேசியது. வீடு அகலம், வாசல் குறுகல் என்பது போன்ற அமைப்பு அது. துணைச் சில்லுகள் மலிவு என்பதால் ஐ.பி.எம். அதனைத் தேர்ந்தது. ஆங்கிலத்துக்கு அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. திரையில் தோன்ற வேண்டிய எழுத்து வடிவங்கள் 256 முன்கூட்டியே திரை அட்டையில் பதிந்து கிடந்தன. நுண்செயலி எழுத்தின் எண்ணைச் சொன்னால் போதும். வரையும் வேலையை அட்டை பார்த்துக்கொண்டது.

தமிழின் நிலை வேறு. எழுத்துகள் 247 என்னும் எண்ணிக்கையைவிடப் பெரிய இடையூறு அவற்றின் உருவம். 'ஐ' என்பதையும் 'ணை' என்பதையும் ஆங்கில எழுத்துக்கென வகுத்த சிறு கட்டத்துக்குள் அடைக்க இயலாது. ஆகவே தமிழைத் திரையில் காட்ட வேண்டுமாயின், எழுத்துமுறையை விட்டு வரைபட முறைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அந்த முறையில் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக நுண்செயலியே வரைய வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு 8088 வேகமான இயந்திரம். தமிழில் எழுதுபவருக்கு அதுவே திணறும் இயந்திரம். இந்த வேறுபாட்டைக் கணினி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வேகமான நுண்செயலி ஆங்கிலத்துக்கு வசதியாக இருந்த காலத்திலேயே தமிழுக்குத் தேவையாகி விட்டது. இந்தியாவில் 'சி-டாக்' நிறுவனம் 'ஜிஸ்ட்' என்னும் தனி அட்டையைக் கணினிக்குள் செருகி இந்திய மொழிகளைக் காட்ட முற்பட்டதும் இதே இடையூற்றைத் தாண்டுவதற்காகவே.

மலேசியாவில் இத்துறையில் வழி வகுத்தவர் முத்து நெடுமாறன். கேரித் தீவின் தோட்டச் சூழலில் வளர்ந்த கவிஞர் முரசு நெடுமாறனின் மகனாகிய அவர், 1985இல் 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சில்லின் வேகம் மட்டும் தமிழைத் தந்துவிடாது. அதனைத் தமிழுக்கு இசைவிக்க ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும் என்பதற்கு அம்முயற்சி சான்று.

அதே 1985இல் 32 பிட் வகையான 80386 வந்தது. அதில் டிரான்சிஸ்டர்கள் 275,000. மறு ஆண்டு காம்பாக் நிறுவனம் அதனைக் கொண்டு வெளியிட்ட மேசைக்கணினியின் தொடக்க விலை 6,499 அமெரிக்க வெள்ளி. தோட்டத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, பள்ளிக்கும் அது எட்டாக் கனி. 1988இல் வந்த 386 எஸ்.எக்ஸ். மீண்டும் பழைய உத்தியைக் கையாண்டது: உள்ளே 32 பிட், வாசல் 16 பிட். விலை குறைவாயினும், மென்பொருளை இயக்குவதில் அது பெரிய உடன்பிறப்புக்கு ஈடு கொடுத்தது. சிக்கனமாக வாங்க வேண்டியவர்களுக்கு அக்காலத்தில் கிடைத்த நல்ல சில்லு அதுவே எனலாம்.

1992இல் விண்டோஸ் 3.1 வந்ததும் தராசு ஒரு பக்கம் தெளிவாகச் சாய்ந்தது. எழுத்தை எந்த அளவிலும் சீராக வரையும் 'ட்ரூடைப்' எழுத்துருக்கள் அதனுடன் வந்தன. தமிழ் எழுத்துருவை அமைப்பதும் அச்சிடுவதும் எளிதாயின. ஆனால், விண்டோஸ் 3.1 பழைய 8088இல் இயங்காது; 80286 அல்லது அதற்கு மேற்பட்டதே வேண்டும். தமிழ் அச்சுக்கூடத்துக்கும் சங்க மலருக்கும் பள்ளித் தேர்வுத்தாளுக்கும் புதிய நுண்செயலி அன்று கொடுத்த பயன் கைமேல் கிடைத்த பயன். விலை மிகுதி என்று அதனைத் தள்ளியவர்கள், தமிழைத் தட்டச்சுப் பொறியிலும் கையெழுத்திலும் மேலும் சில ஆண்டுகள் சுமந்தனர்.

குறைகளும் உடன்வந்தன. 1993இல் வந்த பெந்தியத்தில் 31 இலட்சம் டிரான்சிஸ்டர்கள். 1994இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி அதன் வகுத்தலில் பிழை இருப்பதைக் கண்டறிந்தார். சில குறிப்பிட்ட எண்களை வகுத்தால் விடை தவறிற்று. தேவையை மெய்ப்பிப்பவர்க்கு மட்டுமே மாற்றித் தருவதாக முதலில் கூறிய இண்டெல், எதிர்ப்பு வலுக்கவே அவ்வாண்டு டிசம்பரில் கேட்போர் அனைவர்க்கும் மாற்றித் தர இசைந்தது. அதற்கென ஒதுக்கிய தொகை 47.5 கோடி அமெரிக்க வெள்ளி. வாய்ப்பாடு பிழைத்தால் பிரம்பு விழும் வகுப்பறையில் வளர்ந்தவர்களுக்கு, கணக்குப் போடவே பிறந்த கருவி வகுத்தலில் தவறிய செய்தி வியப்பளித்திருக்கும். வெப்பம் மற்றொரு குறை. 8088 காற்றாடியின்றி இயங்கியது. பெந்தியத்துக்குக் காற்றாடி இன்றியமையாததாயிற்று. இன்றைய உயர்வகை மேசைக்கணினிச் சில்லுகளின் அடிப்படை மின்நுகர்வே 125 வாட் வரை செல்கிறது. கடலோர ஈரமும் செம்மண் தூசியும் சேரும் வட்டாரத்தில் காற்றாடி நின்றால் கணினியும் நிற்கும்.

தமிழுக்கு அடுத்த பெரும் படி யூனிகோடு. அதன் முதற்பதிப்பு 1991இல் தமிழைச் சேர்த்துக்கொண்டது. அந்த முறையில் மெய்யெழுத்து முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படும். 'கெ' என்பதில் ஒற்றைக்கொம்பை முன்னால் கொண்டு நிறுத்துவதும், 'கொ' என்பதில் குறியை இருபுறமும் பிரித்து வைப்பதும் கணினியின் வேலை. தமிழ் யூனிகோடை விண்டோஸ் 2000 உள்ளிணைத்து வழங்கியது. அதற்கு வேண்டிய குறைந்த அளவு 133 மெகாஹெர்ட்ஸ் பெந்தியம். 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது, தமிழைத் தாங்கும் ஆற்றல் சாதாரண மேசைக்கணினிக்கு வந்துவிட்டிருந்தது. தமிழின் பொருட்டுப் புதிய நுண்செயலி தேடிய காலம் அத்துடன் முடிந்தது என்றே கொள்ள வேண்டும். அதற்குப் பின் வந்த வேகம் விளையாட்டுக்கும் நிகழ்படத்துக்கும் உதவியது. ஒரு தமிழ்க் கட்டுரையை எழுதி அச்சிட அது வேண்டியதில்லை.

கணினி வகுப்பறைக்குள் நுழைந்த விதமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியபோது, மடிக்கணினியும் ஒளிபெருக்கியும் பள்ளிகளுக்கு வந்தன. தமிழ்ப்பள்ளிகளும் அத்திட்டத்தில் அடங்கின. தமிழைக் காட்டும் ஆற்றல் கொண்ட இயந்திரம் தமிழ்ப்பள்ளிக்குள் ஆங்கிலத்தின் கைபிடித்து வந்தது ஒரு முரண். பின்னர் 2011இல் தொடங்கி 2019இல் முடிந்த ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் குரோம்புக்குகளைக் கொணர்ந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, தோட்டப்புறப் பிள்ளைகள் பலர்க்குப் பாடம் வந்து சேர்ந்தது வீட்டிலிருந்த கைப்பேசியின் வழியாகவே. அன்று குறைவாக இருந்தது நுண்செயலியின் வேகமன்று. ஆளுக்கொரு கருவியும் நிலையான இணையமும்.

இப்பின்னணியில்தான் 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11ஐ எடைபோட வேண்டும். அது கேட்கும் வேகம் ஒரு கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஆனால், இண்டெல் வகையில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியனவுமே பெரும்பாலும் அதன் பட்டியலில் இடம்பெறும். 2017 ஜனவரியில் வெளியான ஏழாம் தலைமுறை ஐ7-7700கே, 4.2 கிகாஹெர்ட்ஸ் வேகமும் நான்கு கருக்களும் கொண்டது. அது வாசலில் நிறுத்தப்பட்டது. 1.1 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகமே உடைய செலரான் என்4000 உள்ளே அனுமதிக்கப்பட்டது. திறமைக்கு மதிப்பெண் போடாமல் பிறந்த ஆண்டைப் பார்த்துத் தேர்ச்சி கொடுப்பது போன்றது இது.

இதற்கு மைக்ரோசாப்ட் கூறும் காரணம் பாதுகாப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்னும் குறைகள் நுண்செயலிகளின் அமைப்பிலேயே இருந்தவை. பழைய சில்லுகளில் அவற்றை மென்பொருளால் அடைத்தபோது வேகம் குறைந்தது. புதியவற்றில் சில ஓட்டைகள் சில்லிலேயே அடைக்கப்பட்டன. மாணவர் விவரங்களையும் கூட்டுறவுக் கணக்குகளையும் வைத்திருக்கும் கணினிக்கு இக்காரணம் பொருந்தும். ஆயினும் புதியது என்பதே குறையின்மைக்கு உறுதி ஆகாது. 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகள் சில நிலையிழந்து செயலற்றதால், 2024இல் இண்டெல் அவற்றின் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டிக்க நேர்ந்தது.

ஆகவே கணக்கு இடத்துக்கு இடம் வேறுபடும். பள்ளி அலுவலகத்துக்கும் பணம் கையாளும் சங்கத்துக்கும் பட்டியலில் உள்ள நுண்செயலியை வாங்குவது தக்கது. அதிலும் உயர்வகை வேண்டியதில்லை, நடுத்தர வகையே தாராளம். மாணவர் தட்டச்சுப் பழகவும், கட்டுரை எழுதவும், நூல் படிக்கவும் பயன்படும் அறைக்கு, ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியதுமான கணினிகளே இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அவற்றில் லினக்ஸ் இயங்குதளத்தை இலவசமாக நிறுவலாம்; தமிழ் யூனிகோடும் தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. மிச்சமாகும் வெள்ளியை நினைவகத்தைக் கூட்டவும், சுழலும் வட்டுக்குப் பதிலாகத் திண்ம வட்டைப் பொருத்தவும் செலவிட்டால், புதிய நுண்செயலி தரும் விரைவில் பெரும்பகுதி பழைய பெட்டியிலேயே கிடைத்துவிடும். விற்பனையாளர் விலைப்பட்டியலை நீட்டுமுன், கணினி அறையில் உள்ள ஒவ்வொரு பெட்டியின் நுண்செயலி எண்ணையும் தலைமுறையையும் ஒரு தாளில் குறித்து வைப்பதற்கு ஒரு பிற்பகல் போதும்.