கரையோரக் கடலை அளந்த வரலாறு

கடல்மட்டம் உயர்கின்றதா, தாழ்கின்றதா என்பதை அறிய மனிதன் நெடுங்காலம் துறைமுகங்களில் நாட்டிய அளவுகோல்களையே நம்பியிருந்தான். அவை நின்ற இடத்தின் செய்தியை உரைக்குமேயன்றி, நடுக்கடலின் நிலையை உரைக்கமாட்டா. செயற்கைக்கோள்கள் தோன்றிய பின்னர் நடுக்கடலை அளக்கும் ஆற்றல் கைவந்தது. ஆயினும், அவற்றின் கண்ணுக்குக் கரையோரக் கடல் தெளிவாகப் புலப்படவில்லை. அக்குறையைப் போக்க அறிவியலார் மேற்கொண்ட முயற்சி நெடியதாகும்.

அளக்கும் முறை எளியது. செயற்கைக்கோளிலுள்ள உயரமானி ராடார் துடிப்பொன்றைக் கடல்மீது செலுத்தும். அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவு கணிக்கப்படும். ஆனால், காற்றில் கலந்துள்ள நீராவி அத்துடிப்பின் வேகத்தைச் சற்றே குறைத்துவிடுகின்றது. துடிப்பு தாமதித்துத் திரும்பினால், கடல் உள்ளதைவிடத் தாழ்ந்திருப்பதாகக் கணக்குக் காட்டும். வறண்ட துருவப் பகுதிகளில் இப்பிழை சில செண்டிமீட்டரே. ஈரம் மிகுந்த வெப்பமண்டலத்திலோ முப்பது, நாற்பது செண்டிமீட்டர் வரை செல்லும். கடல்மட்டம் உயர்வதோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். அறிய வேண்டிய உண்மை சிறிது. அதனை மறைக்கும் பிழை பெரிது.

இதற்கு மருந்தாக வந்ததே நுண்ணலைக் கதிர்வீச்சுமானி. இக்கருவி எதனையும் செலுத்துவதில்லை. நீராவி தானே வெளியிடும் மெல்லிய நுண்ணலைகளை ஏற்று, வழியில் எவ்வளவு ஈரம் உள்ளதெனக் கூறும். 1978ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கா ஏவிய சீசாட், உயரமானியோடு கதிர்வீச்சுமானியையும் சுமந்து சென்றது. மின்பழுதால் அது அக்டோபரிலேயே செயலிழந்தது. 1985இல் அமெரிக்கக் கடற்படை ஏவிய ஜியோசாட்டில் இக்கருவி இல்லை. ஈரத்தை வேறு வழிகளில் மதிப்பிட நேர்ந்தது. 1992 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரான்சும் இணைந்து அனுப்பிய டோப்பெக்ஸ்-பொசைடன் 18, 21, 37 கிகாஹெர்ட்ஸ் என்னும் மூன்று அலைவெண்களில் ஈரத்தை அளந்தது. நடுக்கடலில் நீராவியால் விளையும் பிழை ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டராகச் சுருங்கியது.

கரையை நெருங்கியபோதுதான் இடர் எழுந்தது. அக்கருவி ஒரே பார்வையில் காணும் வட்டம் இருபது முதல் நாற்பது கிலோமீட்டர் வரை குறுக்களவு உடையது. நிலமோ கடலைவிட ஏறத்தாழ இருமடங்கு வலிமையுடன் நுண்ணலைகளை வெளியிடுவது. வட்டத்தின் ஓரத்தில் நிலம் சிறிதளவு புகுந்தாலும் கருவியின் கணக்குப் பிழைத்துவிடும். இருபுறமும் கரை சூழ்ந்து, தெற்கே ஒடுங்கிச் செல்லும் மலாக்கா நீரிணை போன்ற கடல்களில் இக்குறை எத்துணைப் பெரிது என்பதை எளிதில் உணரலாம். மக்கள் நெருங்கி வாழ்வதும் கடல் பொங்குமோ என அஞ்சுவதும் கரையோரத்தில்தான். அளவு எங்கு மிகவும் வேண்டப்பட்டதோ, அங்கேயே அளவுகோல் தடுமாறியது.

பார்வை வட்டத்தைச் சுருக்கப் பெரிய ஆண்டெனா வேண்டும். அது செயற்கைக்கோளுக்குப் பெருஞ்சுமையாகும். மற்றொரு வழியும் உண்டு. அலைவெண் உயர உயர, அதே ஆண்டெனாவின் பார்வை வட்டம் குறுகும். இவ்வழியைப் பின்பற்றி உருவான கருவி, 2014இல் விமானத்தில் பொருத்திச் சோதிக்கப்பட்டது. பின்னர், 2020 நவம்பர் 21ஆம் நாள் கலிபோர்னியாவிலிருந்து ஏவப்பட்ட சென்டினல்-6 மைக்கேல் ஃப்ரைலிக் என்னும் செயற்கைக்கோளில் 90, 130, 166 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்களில் இயங்கும் கதிர்வீச்சுமானி சோதனை முயற்சியாக இடம்பெற்றது. அதன் பார்வை வட்டம் சில கிலோமீட்டர் அளவே. பழைய அலைவெண்கள் நடுக்கடலில் தரும் நம்பகமான அளவைத் தொடக்கமாகக் கொண்டு, கரையை நோக்கி வருகையில் ஈரம் எவ்வாறு மாறுகின்றது என்பதைப் புதியவை காட்டுகின்றன. முதியவர் விட்ட இடத்திலிருந்து இளையவர் தொடர்வது போன்றது இது.

சீசாட் தொடங்கிய பயணம் கரையை எட்ட நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. நடுக்கடலில் பெற்ற வெற்றியோடு நிறைவடைந்து, கரையோரத்துப் பிழையை ஒதுக்கிவிட்டிருந்தால் இப்பயணம் பாதியிலேயே நின்றிருக்கும். கரைச்சுவரை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவுசெய்ய வேண்டியவர்களுக்கு ஒரு செண்டிமீட்டரும் சிறியதன்று. பிழையை மறைக்காமல் அதன் வேரைத் தேடிச் சென்றவர்களின் பொறுமையே இக்கருவியாக உருப்பெற்றுள்ளது.